கொளஞ்சிநாதனின் நாற்காலி வண்டி

காலி டம்ளரைக் கையில் வாங்கிப் பார்க்காமல் கொளஞ்சிநாதன் டீ குடிப்பதில்லை. டீக்காரர் ஊற்றுவதற்கு முன்பே டம்ளரை வாங்கி, விளிம்பை நகத்தால் ஒரு தட்டு தட்டிக் காதோரம் கொண்டுபோவார். ஓசை கொஞ்ச நேரம் நின்றால் டம்ளர் நல்லது. பட்டென்று செத்துப்போனால் திருப்பிக் கொடுத்துவிடுவார். "இது உள்ளுக்குள்ள வெடிச்சிருக்குதுங்க. எவன் மடியிலயாவது சுடச்சுட ஊத்திடப் போவுது. வேற குடுங்க."

இந்தத் தட்டல் டம்ளரோடு நிற்பதில்லை. மங்கலம்பேட்டையில் அவருடைய நண்பர் ஒருவர் துபாயிலிருந்து வந்து விருந்து வைத்தார். பந்தியில் உட்கார்ந்ததும் கொளஞ்சிநாதன் புதுப் பீங்கான் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஒன்றை மட்டும் எடுத்து, "பாய், இதைத் தனியா வைங்க, ரொம்ப நாளு வராது" என்றாராம். இதை எங்களிடம் சொன்னது அவர் மனைவி ஆண்டாள். "அந்தத் தட்டுல அவங்க இன்னமும் பிரியாணி துன்றாங்க. இவரைத்தான் மறுபடி கூப்பிடல" என்று முடிப்பார். அப்போது கொளஞ்சிநாதன் அங்கே இருந்தால் மறுத்துப் பேச மாட்டார். கையிலிருக்கும் வைக்கோலைத் திருகிக்கொண்டே, "ஓச நல்லா இல்லியே புள்ள" என்பார், அவ்வளவுதான்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் பொம்மையும் மின்சார ஃபியூஸ் கட்டையும் செய்கிற ஒரு சிறிய கம்பெனியில் அவருக்குப் பேக்கிங் வேலை. பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் பெண்கள் நாங்கள் ஜன்னலோரம் நீள மேசையில் உட்கார்ந்திருப்போம். ஜன்னலுக்கு வெளியே அவருடைய கொட்டகை. தலை நிமிர்ந்தால் அவர் தெரிவார். குட்டையான உருவம், முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய லுங்கி, வாயில் எப்போதும் கடித்த ஒரு வைக்கோல் துண்டு. பொம்மையைக் கையில் எடுத்தால் அதை ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். எது மெலிந்த இடம் என்று கண்டுகொண்டு அங்கே முதலில் வைக்கோல் வைப்பார். யானைக்குத் தும்பிக்கை, கிளிக்கு மூக்கு, பிள்ளையாருக்கு விரல். புதிதாக யாராவது அவரிடம் வேலைக்குச் சேர்ந்தால் ஒன்றுதான் சொல்வார்: "பொம்மைக்கு மூச்சு முட்டணும், ஆனா வலிக்கக் கூடாது."

வீட்டிலும் இதே கைதான். ஊறுகாய் ஜாடி, குழம்பு மிளகாய்த்தூள் டப்பா, டார்ச் லைட் எல்லாம் அவர் எடுத்து வைத்தால் வைக்கோலுக்குள்தான் இருக்குமாம். "தீப்பெட்டிய எடுத்து வைங்கன்னு சொல்ல பயமா இருக்குது" என்பார் ஆண்டாள்.

ஆண்டாளுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. கைப்பிடித்து நாலடி நடப்பார். பஸ் படி ஏற மாட்டார். ஆனால் கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுவது அவர்தான். மற்றவர்கள் உடம்புக்கு வண்ணம் தீட்டலாம், புடவைக்குக் கரை போடலாம். கண் மட்டும் ஆண்டாளிடம் போகும். மெல்லிய தூரிகையை ஒரே ஒரு முறை தொட்டு எடுப்பார், பொம்மை பார்க்க ஆரம்பித்துவிடும்.

மனைவி வேலைக்கு வருவதற்காகக் கொளஞ்சிநாதன் செய்த வண்டிதான் ஊரில் பலருக்கு அவரை அடையாளம் காட்டுகிறது. கடன் போட்டு வாங்கிய நூறு சிசி மோட்டார் சைக்கிள். வாங்கிய வாரமே நீள சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, முன்னால் தனக்கு ஒரு துண்டு சீட்டு மட்டும் வைத்துக்கொண்டு, பின்னால் இடது பக்கம் பார்த்தபடி ஒரு நாற்காலியைப் பொருத்தினார். சாய்மானம், இரண்டு கைப்பிடி, கால் வைக்கத் தகடு, இடுப்புக்குப் பட்டை. இரும்பு வேலை மெக்கானிக் திருமாலுடையது, மெத்தை வேலை இவருடையது. உள்ளே என்ன என்று கேட்க வேண்டியதில்லை, வைக்கோல்தான். ஆண்டாள் சாலையோரத்தைப் பார்த்து உட்கார்ந்து வருவதால் பாலக்கரையில் எந்தக் கடையில் என்ன புடவை தொங்குகிறது, ஜங்ஷன் ரோட்டில் யார் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருக்கிறார்கள் என்ற செய்தியெல்லாம் காலையில் எங்கள் மேசைக்கு வந்துவிடும். "சாமி ஊர்வலம் வந்துடுச்சுடி" என்பார் எங்களில் மூத்தவரான ராஜம்மாள். "சாமிக்குக் கூட இவ்ளோ மெத்த கிடையாது" என்பார் ஆண்டாள்.

அந்த வண்டியைத்தான் களிமண் லாரி பின்னோக்கி வந்து ஏறி நசுக்கியது.

அன்று வண்டி தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றிருந்தது. லாரி டிரைவர் தங்கதுரை மண் கொட்ட வண்டியைப் பின்னுக்கு எடுத்தான். இரும்பு நெரியும் சத்தம் கேட்டு நாங்கள் எழுந்தபோது கொளஞ்சிநாதன் கொட்டகையிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தார். வண்டிப் பக்கம் போகவில்லை. ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்து உள்ளே பார்த்தார். ஆண்டாள் மேசையில் இருப்பதைக் கண்ட பிறகுதான் திரும்பிப் போனார்.

முன்சக்கரம் வளைந்து, ஹேண்டில் பார் ஒரு பக்கம் முறுக்கி, விளக்கு தூளாகிக் கிடந்தது. நாற்காலி தட்டையாகி, கிழிந்த மெத்தையிலிருந்து வைக்கோல் வெளியே வந்திருந்தது. தங்கதுரை லாரியிலிருந்து குதித்து வந்தான். "அண்ணே, கண்ணாடியில தெரியலண்ணே."

"நாற்காலி போட்டு உக்காந்திருந்துதேடா. அது கூடவா தெரியல?"

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தங்கதுரையும் அழுவது போல ஒரு சிரிப்பு சிரித்தான். போலீஸில் எழுதிக் கொடுத்தால் லாரி பக்கத்து இன்சூரன்ஸில் வாங்கலாம் என்று பலர் சொன்னார்கள். ஆனால் வழக்கு என்று வந்தால் லாரி முதலாளி தங்கதுரையை நிறுத்திவிடுவார் என்பதும் எல்லோருக்கும் தெரியும். கொளஞ்சிநாதன் தன்னுடைய இன்சூரன்ஸிலேயே கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். ராஜம்மாளுக்கு ஆறவில்லை.

"பேசாம கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது எழுதிக் கட்டிப்புடு தம்பி. உன் பேருச் சாமி. அவரு பாத்துக்குவாரு."

"சாமி தங்கதுரையத்தான் புடிக்கும்க்கா. எனக்கு வேண்டியது முன்சக்கரம்."

சாலையோரக் காயின் பாக்ஸ் போனிலிருந்து இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் பேசினார். தங்கள் ஆள் வந்து பார்க்கும்வரை எல்லாவற்றையும் அப்படியே பத்திரமாக வையுங்கள், ஒன்றும் தொலைந்துவிடக் கூடாது என்றார்களாம். கொளஞ்சிநாதனுக்கு இது பழகிய பேச்சு. லாரியில் அனுப்பிய சரக்கு வழியில் உடைந்தால் லாரி ஆபீசிலும் இப்படித்தான் சொல்வார்கள். உடைந்த பொம்மையை ஒரு சில்லு விடாமல் பொறுக்கி, துண்டோடு துண்டு சேர்த்து, வைக்கோல் சுற்றித் திருப்பி அனுப்ப வேண்டும். துண்டு குறைந்தால் நஷ்டஈடு கிடையாது. அதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

அதனால் அன்று மாலையே திருமாலிடம் ஸ்பேனர் வாங்கி வந்து வேலையைத் தொடங்கிவிட்டார். முன்சக்கரத்தைக் கழற்றினார். ஹேண்டில் பார், மட்கார்டு, விளக்கின் வளையம், நசுங்கிய நாற்காலி எல்லாவற்றையும் கழற்றினார். தரையில் உட்கார்ந்து விளக்குக் கண்ணாடித் தூளை முறத்தில் வாரினார். ஒவ்வொன்றுக்கும் வைக்கோல் சுற்றி, மரப்பெட்டியில் அடுக்கி, ஆணி அடித்து, மேலே 'உடையும் பொருள்' என்று எழுதினார். மிச்சமிருந்த உடம்புக்கு வைக்கோல் போர்த்திச் சாக்கில் சுற்றிக் கயிறு கட்டினார். கொட்டகை மூலையில் அது சலவைக்குப் போகக் காத்திருக்கும் பெரிய மூட்டை மாதிரி நின்றது. அவருக்குத் திருப்தி. "ஒரு திருகாணி வெளிய போவல" என்று எங்கள் ஜன்னலுக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் செய்தது தவறு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நாங்களும் இந்த எஸ்டேட்டுக்காரர்கள்தானே.

ஆண்டாளின் பாடுதான் கஷ்டமாக இருந்தது. முதல் நாள் ஷேர் ஆட்டோவில் வந்தார். ஷேர் ஆட்டோ எஸ்டேட்டுக்குள் வராது, தனி ஆட்டோ தினமும் கட்டுப்படியாகாது. மெயின் ரோட்டிலிருந்து நடந்ததில் கால் வீங்கிவிட்டது. அதற்குப் பிறகு வீட்டிலேயே இருந்தார். அலமாரியில் கண் இல்லாத பொம்மைகள் சேர்ந்துகொண்டே போயின. ராஜம்மாள் சிலவற்றுக்கு எழுதிப் பார்த்தார். "என்னக்கா, கிருஷ்ணரு ரெண்டு வூட்டையும் ஒரே நேரத்துல பாக்குறாரு" என்று சொல்லி நாங்களே அழித்தோம். முதலாளி நல்லவர்தான், ஆனால் ஆர்டர் கொடுத்தவர்கள் காத்திருக்க மாட்டார்களே. கண் எழுதத் தெரிந்த பெண் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று விசாரிக்கத் தொடங்கினார். இது கொளஞ்சிநாதன் காதில் விழும்படியாகவே நடந்தது. அன்று ஆணி அடிக்கும் சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

வண்டியைப் பார்க்க இன்சூரன்ஸ் சர்வேயர் வருவதற்கு முந்தின நாள் திருமால் வந்து கொட்டகையில் தணிந்த குரலில் பேசினார். கொளஞ்சிநாதனிடம் யாரும் தணிந்த குரலில் பேச முடியாது. அவர் பதில் ஊருக்கே கேட்கும்.

"அண்ணே, அந்த நாற்காலிய காட்டாதீங்க. வண்டிக் கம்பெனி குடுத்தத மாத்திட்டீங்கன்னு மொத்தத்தையும் தள்ளிடுவாங்க. பழைய நீள சீட்டு என் கடையிலதான் கிடக்குது. அதை எடுத்தாந்து வச்சிடலாம்."

"அப்ப நாற்காலி?"

"அது இருக்குற பொட்டிய ஃபியூஸ் கட்ட பொட்டிங்களோட சேத்து உள்ள தள்ளிடுங்க."

திருமாலே அதைத் தள்ளி வைத்தார். நீள சீட்டையும் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். கொளஞ்சிநாதன் தடுக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை.

மறுநாள் ஆண்டாளையும் தனி ஆட்டோவில் அழைத்து வந்திருந்தார். கையெழுத்து ஏதாவது கேட்பார்களோ என்று நினைப்பு. சர்வேயர் கடலூரிலிருந்து வந்தார். கண்ணாடி போட்ட, வெயிலில் களைத்த மனிதர். கழுத்தில் சின்ன டிஜிட்டல் கேமரா. "வண்டி எங்கங்க?" என்றார்.

"இந்தாங்க சார்" என்று கொளஞ்சிநாதன் மூட்டையையும் பெட்டிகளையும் காட்டினார்.

சர்வேயர் பெட்டிமேல் எழுதியிருந்ததைப் படித்தார். மூட்டையைச் சுற்றி வந்தார். "என்னங்க இது? அடிபட்ட வண்டியக் காட்டுங்கன்னா பார்சலக் காட்டுறீங்க?"

"அப்படியே பத்திரமா வைக்கச் சொன்னாங்களே சார்."

"அப்படியேன்னா வுழுந்து கிடந்த மேனிக்குங்க! எது லாரி இடிச்சு வளைஞ்சது, எது நீங்க கழட்டும்போது வளைஞ்சதுன்னு நான் எப்படி எழுதுறது?"

கொளஞ்சிநாதனின் வாயிலிருந்த வைக்கோல் துண்டு கீழே விழுந்தது. ஆண்டாள் எங்கள் மேசை நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகமும் மாறியது. சர்வேயர் பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

"சார், ஒரு டீ குடிங்க. அதுக்குள்ள வுழுந்த மேனிக்கே வச்சிடுறேன்."

சொன்னதோடு ஒரு கட்டு வைக்கோலை எடுத்துப் போய்த் தண்ணீர்த் தொட்டி ஓரம் பரப்பினார். தங்கதுரையும் அவரும் மூட்டையைத் தூக்கி வந்து அவிழ்த்துப் படுக்க வைத்தார்கள். பெட்டிகளைத் திறந்து ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் வைத்தார். வளைந்த சக்கரத்தை வளைந்த ஃபோர்க்கோடு சேர்த்தார். இரண்டு வளைவும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தின. லாரியின் பின்பலகைப் பச்சை வண்ணம் ஹேண்டில் பாரிலிருந்து விளக்கு வளையம் வரை ஒரே கோடாக ஓடியது. கடைசியில் கண்ணாடித் தூளையும் கொட்டி, விரலால் வட்டமாகக் கூட்டினார். தங்கதுரை தானாகவே லாரியை எடுத்து வந்து அன்று நின்ற இடத்தில் நிறுத்தினான். "மெதுவாடா, மறுபடியும் ஏத்திடாத" என்று ராஜம்மாள் ஜன்னலிலிருந்து கத்தினார்.

சர்வேயர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு காலிப் பெட்டிமேல் ஏறி நின்று மேலிருந்து படம் எடுத்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இத்தனை வருஷத்துல இப்படி ஒரு வண்டிய நான் பார்த்ததில்லைங்க" என்றவர், கேமராவை இறக்கினார். "சீட்டு?"

திருமால் நீள சீட்டை எடுத்து ஓடி வந்தார். கொளஞ்சிநாதன் அதை வாங்கிக்கொண்டார். டேங்குக்குப் பின்னால் வைக்கக் குனிந்தார். வைக்கவில்லை. நசுங்கின வண்டிக்கு நடுவே அந்தச் சீட்டு ஒரு கீறல் இல்லாமல் பளபளவென்று இருந்தது. அதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திருமாலிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, கொட்டகைக்குப் போய் ஃபியூஸ் கட்டைப் பெட்டிகளைத் தள்ளி, ஒளித்து வைத்த பெட்டியைத் தூக்கி வந்து ஆணியைப் பிடுங்கினார்.

"இதுதாங்க சீட்டு. இது இல்லாம வண்டி முழுசு ஆவாது."

திருமால் தலையில் கை வைத்துக்கொண்டார். சர்வேயர் தட்டையான நாற்காலியைப் புரட்டிப் பார்த்தார். கைப்பிடி, பட்டை, கால் தகடு. "இதுல யாரு உக்காருவா?"

"நான்தாங்க" என்றார் ஆண்டாள் உள்ளேயிருந்து. எழுந்து வாசல்வரை நடந்து வந்தார். அந்த நடையைப் பார்த்த பிறகு சர்வேயர் வேறு கேள்வி கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு கொளஞ்சிநாதனை அருகில் கூப்பிட்டுச் சொன்னார்: "இதுக்கு எங்க கணக்குல வழி இல்லைங்க, சீட்டுக்கு ஒண்ணும் வராது. இதை மாட்டுறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீசுல காட்டி ஆர்.சி. புக்குல ஏத்தியிருக்கணும், அது உங்க தப்பு. ஆனா நின்ன வண்டி மேல லாரி ஏறினதுக்கும் இந்தச் சீட்டுக்கும் சம்பந்தம் கிடையாது. அப்படித்தான் எழுதுறேன். மேல என்ன சொல்றாங்கன்னு பாப்போம்." புறப்படும்போது திரும்பி நின்று, "அடுத்த தடவ ஆக்ஸிடெண்ட் ஆனா ஸ்பேனரத் தொடாதீங்க" என்றார்.

"அடுத்த தடவ வேணாங்க சார்."

மேலே இருப்பவர்கள் ஒத்துக்கொண்டார்கள். சர்வேயர் சொன்னபடியே சீட்டை நீக்கிவிட்டார்கள். கொளஞ்சிநாதனுக்கு அதில் வருத்தம் இல்லை. "சக்கரம் அவங்க வேல, சீட்டு நம்ம வூட்டு வேல" என்றார். திருமால் கடையில் புது ஃபோர்க்கும் சக்கரமும் விளக்கும் ஏறின. நாற்காலிக்கு இரும்பு வளைக்கும் நாளன்று தங்கதுரை தன் லாரியின் கிளீனர் பக்கத்துச் சாய்மானத்தைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றான். "நல்ல ஸ்பிரிங்குண்ணே. வச்சிக்கோ." அன்று முதல் அவன் லாரியில் ஏறுகிற கிளீனர் முதுகை நிமிர்த்தித்தான் உட்கார வேண்டியிருக்கிறது. இந்த முறை வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் கொண்டுபோனார்கள். பார்வையிட வந்த அதிகாரி நாற்காலியில் தானே உட்கார்ந்து மைதானத்தை ஒரு சுற்று வந்தாராம். இறங்க மனமில்லாமல் இறங்கினார் என்று கொளஞ்சிநாதன் சொன்னார். அதை மட்டும் நாங்கள் முழுதாக நம்பவில்லை.

எல்லாம் முடிந்தும் அவர் ஆண்டாளை ஏற்றவில்லை. புது நாற்காலி எப்படி ஆடும் என்று தெரியாமல் ஆளை உட்கார வைப்பதா? ஒரு சனிக்கிழமை ஆண்டாளைத் தனி ஆட்டோவில் கம்பெனிக்கு அழைத்து வந்து மேசையில் விட்டார். பிறகு ஒரு பெட்டி நிறையப் பொம்மைகளை அடுக்கினார். வைக்கோல் வைக்கவில்லை. ஒரு துரும்பு கூட. அவர் வைக்கோல் இல்லாமல் பெட்டி மூடியதை நாங்கள் அன்றுதான் பார்த்தோம். பெட்டியை நாற்காலியில் உட்கார வைத்து, இடுப்புப் பட்டையைப் போட்டு, மங்கலம்பேட்டைவரை ஓட்டிப் போய்த் திரும்பி வருவதாகச் சொல்லிப் புறப்பட்டார்.

ஆண்டாள் தூரிகையைத் தொட்டுத் தொட்டுக் கண் எழுதிக்கொண்டிருந்தார். அலமாரியில் அவ்வளவு பொம்மைகள் காத்திருந்தன. வெளியே வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தூரிகை நிற்கும். சாப்பாட்டு நேரத்துக்குக் கொளஞ்சிநாதன் வந்து சேர்ந்தார். பெட்டியை எங்கள் மேசைமேல் வைத்துத் திறந்து, ஒவ்வொரு பொம்மையாக வெளியே எடுத்தார். பிள்ளையார் முழுசு. கிளி முழுசு. யானையின் தும்பிக்கை முழுசு. ராஜம்மாள் கைதட்டத் தயாராக இருந்தார். அடியிலிருந்து கடைசிப் பொம்மையை எடுத்தபோது கொளஞ்சிநாதனின் முகம் சுருங்கிவிட்டது.

"ஒண்ணு போச்சு" என்றார். "சாய்மானத்துக்கு அடியில இன்னும் ஒரு கம்பி குடுக்கணும். இன்னைக்கு வேணாம் புள்ள. திங்கக்கெழம பாப்போம்."

"எது போச்சு?" என்றார் ஆண்டாள்.

"மானு. கொம்பு ஒடிஞ்சிடுச்சு."

ஆண்டாள் தூரிகையைக் கழுவி வைத்தார். கையைத் துடைத்தார். மேசையைப் பிடித்து எழுந்தார்.

"எனக்குக் கொம்பு கிடையாது. வண்டிய எடுங்க."

நாங்கள் சிரித்த சிரிப்பில் முதலாளியே எட்டிப் பார்த்தார். ராஜம்மாளும் நானும் ஆளுக்கு ஒரு கை கொடுத்து ஆண்டாளை நாற்காலியில் உட்கார வைத்தோம். சனிக்கிழமை அரை நாள் வேலைதான், வீட்டுக்குப் போக நேரமும் சரியாக இருந்தது. ஆண்டாள் முந்தானையைச் செருகி, பட்டையைப் போட்டுக்கொண்டு, காலைத் தகட்டில் வைத்தார். கொளஞ்சிநாதன் பட்டையை இழுத்துப் பார்த்தார். "மூச்சு முட்டுது" என்றார் ஆண்டாள். ஒரு துளை தளர்த்தினார். வண்டி முற்றத்தைத் தாண்டி மெல்லப் போனது. ஆண்டாள் எங்கள் பக்கம் பார்த்தபடியே போனார்.

கேட்டுக்கு வெளியே சாக்கடைமேல் சிமெண்டுப் பலகை போட்டிருக்கிறார்கள். இரண்டு பலகைக்கு நடுவே ஒரு கை அகல இடைவெளி. அதற்கு முன்னால் வண்டி நின்றது. எதிரே மண் ஏற்றி வந்த தங்கதுரை லாரியை நிறுத்தி ஹாரன் அடித்தான். "என்னாச்சு? போங்கன்னா!" என்றார் ஆண்டாள்.

கொளஞ்சிநாதன் என்ஜினை அணைத்தார். ஆண்டாளின் கால் இருக்கும் பக்கத்தை விட்டு வலது பக்கமாக இறங்கினார். லாரியைப் பார்த்து ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டு, ஹேண்டில் பாரை இரண்டு கையாலும் பிடித்து, பின்சக்கரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி, ஆண்டாளை வண்டியோடு அந்த இடைவெளிக்கு அந்தப் பக்கம் உருட்டிக் கொண்டுபோனார்.